சப்பாத்தி தேய்ப்பது பொண்ணுங்க வேலை என்று யு.கே.ஜி. பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தேன்சிட்டு_ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம். இதைக் குழந்தை வளர்ப்புப் பகுதியில் கேட்பதா கல்விப் பகுதியில் கேட்பதா என்று தெரியவில்லை, இங்கேயே போடுகிறேன்.

பையனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது, யு.கே.ஜி. போன வருஷம் வரை நான் சப்பாத்தி போட உட்கார்ந்தால் ஓடி வந்து பக்கத்தில் உட்காருவான், அவனுக்கென்று ஒரு சின்ன உருண்டை தந்துவிட வேண்டும், அதை இலங்கை மேப் மாதிரி தேய்த்து, அதைத்தான் அப்பா சாப்பிட வேண்டும் என்று அடம் பிடிப்பான். இப்போது கூப்பிட்டால் "அதெல்லாம் பொண்ணுங்க வேலை" என்கிறான். முறைப்போ கோபமோ கிடையாது, ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போய்விடுகிறான்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், எங்கள் வீட்டில் இப்படி யாரும் பேசுவதில்லை. நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரம், சமையலுக்குக் கூச்சப்படுகிற ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டன் அவர் கையால்தான். மாமியார் கூட இருக்கிறார், அவரும் இந்த விஷயத்தில் நல்ல மாதிரிதான், "ஆம்பளைப் பிள்ளை அடுப்படிக்கு வராதே" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் சமீபத்தில் கம்யூனிட்டி ஹெல்ப்பர்ஸ் டே என்று ஒன்று நடத்தினார்கள். பையன்களுக்கு டாக்டர், போலீஸ், போஸ்ட்மேன். பெண் பிள்ளைகளுக்கு நர்ஸ், டீச்சர், அப்புறம் பூக்காரம்மா. அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அன்று ராத்திரி நான், "அம்மா கூட இன்ஜினியர்தானே, கரன்ட் ஆபீஸ்தானே" என்று கேட்டதற்கு, "கரன்ட் கம்பத்துல ஏறுறது அங்கிள்தானே, நீ பேக்தானே எடுத்துட்டுப் போற" என்றான். சிரிப்பதா அழுவதா!

இது தானாகப் போய்விடுமா, இல்லை இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்_டீச்சர்

வணக்கம் மேடம். விழுப்புரம் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் பையன் சொன்னதை என் வகுப்பில் ஒரு வருஷத்தில் எத்தனை தடவை கேட்கிறேன் என்று கணக்கே இல்லை, அதனால் முதலில் பயப்படாதீர்கள்.

இந்த வயசுதான் இதற்கு உச்சம். கரோல் மார்ட்டின், டயான் ரூபிள் என்று இரண்டு உளவியலாளர்கள் 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்த வயதுக் குழந்தைகளைத் துப்பறிவாளர்கள் என்றே சொல்கிறார்கள். தான் ஆணா பெண்ணா என்பது மூன்று வயசு வாக்கில் பிடிபட்டதும், அப்படியென்றால் எனக்கு எது, அவர்களுக்கு எது என்று சுற்றிலும் துப்புத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கிடைத்த துப்பை வைத்து விதி போடுகிறார்கள், ஐந்து ஆறு வயசில் அந்த விதி ரொம்பக் கறாராக இருக்கும், அதற்கப்புறம் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆனால் துப்பு எங்கே கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். நாம் வாயால் சொல்வது அவர்களுக்கு ஒரு சின்னப் பங்குதான், யார் எதைச் செய்கிறார்கள் என்பதைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வாசலில் கோலம் போடப் பெண் பிள்ளைகள். அதிகாரி யாராவது வந்தால் சந்தனம் குங்குமத் தட்டோடு நிற்கப் பெண் பிள்ளைகள். பெஞ்சு தூக்க, மைக் செட்டுக்கு ஒயர் இழுக்கப் பையன்கள். காலை உணவு சமைப்பது மகளிர் குழு அக்காக்கள், மத்தியானச் சத்துணவுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூன்று பேரும் பெண்கள், பக்கத்து அங்கன்வாடியிலும் அப்படியே. ஜீப்பில் வந்து ருசி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறவர் பெரும்பாலும் ஆண். இதை ஒரு குழந்தை தினமும் பார்க்கிறது. பாடப் புத்தகத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதியிருப்பதையும் அதே குழந்தைதான் படிக்கிறது, எது ஜெயிக்கும்?

ஒரு தடவை வகுப்பறையைக் கூட்டுவதற்குப் பையன்களையும் முறை வைத்தேன் (பிள்ளைகளைக் கூட்ட வைக்கலாமா என்பதே பெரிய விவாதம், அதற்குள் சாதியும் இருக்கிறது, இங்கே வேண்டாம்). மறுநாளே ஒரு அம்மா வந்துவிட்டார், "டீச்சர், ஆம்பளப் புள்ளைய வெளக்கமாறு எடுக்கச் சொன்னீங்களாமே." கேட்டது அப்பா இல்லை, அம்மா.

உங்கள் பையன் கம்பத்தைப் பற்றிச் சொன்னது தப்பே இல்லை, மேடம். அவன் கண்ணால் பார்த்தது லைன்மேன் ஏறுவதை. நீங்கள் ஆபீஸில் செய்வதை அவன் பார்த்ததே இல்லை, அவனைப் பொறுத்தவரை நீங்கள் பேக்கோடு போய் பேக்கோடு வருகிறவர். ஆனால் வீட்டில் நீங்கள் செய்கிற வேலை ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்த் துணை மின்நிலையத்தைத் தூர நின்றாவது காட்டுங்கள்.

பழைய_சோறு

எல்லாவற்றையும் பெரிதாக்குகிறோமோ என்று தோன்றுகிறது. எனக்கு மகன் ஒன்று மகள் ஒன்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி பொம்மைதான் வாங்கினோம். மகன் தோசைக் கரண்டியைக்கூட வண்டியாக்கி உருட்டினான், மகள் ஜே.சி.பி.யைத் துண்டில் சுற்றித் தூங்க வைத்தாள். யார் சொல்லிக் கொடுத்தது? சில விஷயம் பிறவியிலேயே வருகிறது. நாங்கள் வளர்ந்த காலத்தில் அம்மா சமைத்தார், அப்பா சம்பாதித்தார், நாங்கள் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. இன்று நானும் வீட்டில் எல்லா வேலையும் செய்கிறேன். வயசு வந்தால் புரியும். ஐந்து வயசுப் பிள்ளையை உட்கார வைத்துப் பாலினச் சமத்துவம் வகுப்பு எடுத்தால் அதற்குச் சப்பாத்தியே வெறுத்துவிடும்.

வரப்பு

பழைய சோறு அண்ணன் கடைசியாகச் சொன்னது மட்டும் சரி, வகுப்பெல்லாம் எடுக்கக் கூடாது. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பொம்மையைப் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதில் ஹார்மோனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்கிற ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் சப்பாத்திக் கட்டைக்கு ஏது ஹார்மோன்? தம்பி போன வருஷம் ஆசையாகத் தேய்த்தான் என்று அந்த அக்கா எழுதியிருக்கிறாரே. பிறவியில் வந்தது என்றால் போன வருஷம் அந்தப் பிறவிக்கு என்ன ஆயிற்று?

அதைவிட, சமையல் பெண் வேலை என்பதே நம் ஊரில் பொய். கல்யாண மண்டபத்தில் அண்டா கிண்டுவது யார்? பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், தள்ளுவண்டியில் தோசை சுடுகிற அண்ணன், பிரியாணிக் கடையில் தம் உடைக்கிற பாய், எல்லாம் ஆண்கள். மாவு பிசைவதில் பரோட்டா மாஸ்டர் படுகிற பாட்டில் பாதி சப்பாத்திக்குக் கிடையாது. ஆக, கூலி கிடைக்கிற சமையல் ஆணுக்கு, கூலி இல்லாத சமையல் பெண்ணுக்கு. தையலும் அப்படித்தான். வீட்டில் பட்டன் தைப்பது அம்மா, கடையில் ஜாக்கெட்டுக்கு அளவு எடுப்பது லேடீஸ் டெய்லர், அவர் ஒரு ஆண்.

நான் மன்னார்குடிப் பக்கம், வயக்காட்டு ஆள். எங்கள் ஊரில் நாற்றுப் பறித்துக் கட்டுவது ஆண்கள், நடவு பெண்கள். சின்ன வயசில் கேட்டால் "பொம்பளைக்குத்தான் இடுப்பு வளையும், நடவு அவங்க கையில்தான் பிடிக்கும்" என்பார்கள், நாங்களும் அதை அறிவியல் மாதிரி நம்பினோம். பிறகு நடவு மிஷின் வந்தது. நடவு அதே நடவுதான், வயலும் அதே வயல், மிஷின் மேலே உட்கார்ந்திருப்பது மட்டும் ஆண். இடுப்புக் கதை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. என் அக்கா பையன் அந்த மிஷினைப் பார்த்துத்தான் வளர்கிறான், அவனுக்கு நடவு என்றாலே ஆம்பளை வேலை. பத்து வருஷத்துக்கு முன்னால் அதே வரப்பில் நின்றிருந்தால் நேரெதிராகச் சொல்லியிருப்பான். கட்டட வேலையிலும் பாருங்கள், சித்தாளாக ஒரு பெண் எத்தனை வருஷம் கல்லும் கலவையும் சுமந்தாலும் கரணை அவர் கைக்கு வருவதில்லை. வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் கையில் சீக்கிரமே வந்துவிடுகிறது. பக்கத்தில் மணல் மேட்டில் விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தை இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வரும்? பெண்ணுக்குக் கட்டத் தெரியாது என்றுதான்.

பழைய சோறு அண்ணனுக்கு இன்னொன்று. 1976இல் ஜான் கான்ட்ரி, சாண்ட்ரா கான்ட்ரி என்ற இருவர் ஒன்பது மாதக் குழந்தையின் படம் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்ததும் துள்ளிக் குதிக்கிற பொம்மையைப் பார்த்து அந்தக் குழந்தை அழுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லிக் காட்டினால் பார்த்தவர்கள் அதிகமாகக் கோபத்தில் அழுகிறது என்றார்கள், பெண் குழந்தை என்று சொன்னால் பயத்தில் அழுகிறது என்றார்கள். படம் ஒன்றுதான், குழந்தையும் ஒன்றுதான். உங்கள் மகள் ஜே.சி.பி.யைத் தூங்க வைத்ததை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அதே ஜே.சி.பி.யை அவள் மண்ணில் ஓட்டிய நாளும் இருந்திருக்கும், அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அக்கா, கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்கு வெங்காயம் உரிப்பது யார்? மத்தியானம் குக்கர் கழுவுவது யார்?

தேன்சிட்டு_ஈரோடு

வரப்பு தம்பி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். வெங்காயம் மாமியார், கழுவுவது நான். அவர் கறி எடுத்து வருவார், வதக்குவார், நடுவில் இரண்டு தடவை உப்புப் பார்க்கக் கூப்பிடுவார், அப்புறம் பரிமாறும்போது எல்லோரும் "அப்பா கை மணமே தனி" என்று சொல்லியாக வேண்டும். மற்ற ஆறு நாள் சாம்பாருக்கு யாரும் கை தட்டுவதில்லை. இதை அவருக்கும் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "கழுவுறதுதானே, கழுவிட்டாப் போச்சு" என்றார். பார்ப்போம்.

ஆனால் ஒரு சந்தேகம். எதிர் உதாரணம் காட்டினால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போலீஸ் அக்கா, பஸ் ஓட்டுகிற அம்மா என்று யூட்யூபில் எடுத்துக் காட்டினேன். பார்த்தான். அடுத்த நாள் கேட்டால் போலீஸ் மாமா என்கிறான். நேற்றுப் பார்த்தது எங்கே போனது?

அரைக்கிறுக்கன்

நேற்றுப் பார்த்தது அவன் தலைக்குள்ளேயே ஆள் மாறிப் போயிருக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலே டீச்சர் சொன்ன அதே கரோல் மார்ட்டின், சார்ல்ஸ் ஹால்வர்சன் என்பவரோடு சேர்ந்து 1983இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளிடம் படங்கள் காட்டினார்கள், சிலவற்றில் வழக்கமான மாதிரி, சிலவற்றில் வழக்கத்துக்கு மாறாக, உதாரணமாக ஒரு பெண் பிள்ளை மரம் அறுப்பது போல. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மாறாக இருந்த படங்களில் செய்தவர் யார் என்பதைப் பிள்ளைகள் மாற்றிச் சொன்னார்கள். மரம் அறுத்தது பையன் என்று உறுதியாகச் சொல்வார்கள். அதனால் யூட்யூபில் ஒரு தடவை காட்டுவது வீண் என்று சொல்ல மாட்டேன், ஒரு தடவை போதாது.

நம் ஊரிலேயே பாருங்கள். 1993லேயே குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்ட வந்துவிட்டார். தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தாயிற்று. 2003இல் தீயணைப்புத் துறைக்குப் பெண் அதிகாரிகள் வந்தார்கள், அவர்களில் ஒருவரான பிரியா ரவிச்சந்திரன் 2012 எழிலகம் தீ விபத்தில் உள்ளே போய்த் தீக்காயம் பட்டவர். எல்லாம் பொது அறிவு வினா விடையில் மனப்பாடமாக இருக்கும். ஆனால் முதல் பெண், முதல் பெண் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் குழந்தைக்குப் போய்ச் சேருவது என்ன? இது அதிசயம், விதிவிலக்கு, வழக்கம் வேறு என்பதுதான். போலீஸில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு என்பது என் எண்ணம், ஏனென்றால் இப்போது எந்தச் சந்திப்பிலும் திருவிழாவிலும் பெண் காவலரைப் பார்க்கலாம். எண்ணிக்கை கண்ணில் பட வேண்டும்.

எண்ணிக்கை வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஆதாரம் மேற்கு வங்காளம். அங்கே முன்பு ஊராட்சித் தலைவர் பதவியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று இருந்தது, எந்த ஊர் என்பது குலுக்கல் மாதிரி முடிவானது, யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ உட்பட நான்கு பேர் பிர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் 11 முதல் 15 வயது வரையான பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் விசாரித்து 2012இல் வெளியிட்டார்கள். பெண் என்ன ஆக வேண்டும், ஆண் என்ன ஆக வேண்டும் என்ற கனவில் இருந்த இடைவெளி, இரண்டு தேர்தல் காலம் பெண் தலைவர் இருந்த ஊர்களில், பெற்றோரிடம் 20 சதவீதமும் பிள்ளைகளிடம் 32 சதவீதமும் குறைந்திருந்தது. பையன்களுக்கும் பெண்களுக்கும் படிப்பில் இருந்த இடைவெளி இல்லாமலே போனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவழிக்கிற நேரமும் குறைந்தது. இத்தனைக்கும் அந்த ஊர்களில் பெண்களுக்குப் புதிதாக வேலை வாய்ப்பு ஒன்றும் வந்துவிடவில்லை. தலைவர் நாற்காலியில் ஒரு பெண்ணைத் தொடர்ந்து பார்த்ததுதான் காரணம் என்கிறார்கள். இதில் "இரண்டு தேர்தல் காலம்" என்பதைக் கவனியுங்கள், ஒரு தடவை வந்து போன ஊர்களில் இந்த அளவு மாற்றம் இல்லை.

தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு ஆக்கிவிட்டோம். ஆனால் தலைவர் வீட்டுக்காரரே கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்து பேசுகிற ஊர்களும் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் கண்ணால் பார்த்துத்தான்.

நாகர்கோவில்_நர்ஸ்

எல்லோரும் பெண் டாக்டர், பெண் போலீஸ் என்றே பேசுகிறீர்கள். நான் ஆண் நர்ஸ். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். டிரிப்ஸ் ஏற்றக் கையில் வென்ஃப்ளான் ஊசி போடப் போனால் அம்மாமார் எழுந்து நின்று "டாக்டர்" என்பார்கள். பின்னாலேயே எங்கள் டியூட்டி டாக்டர் வருவார், எம்.டி. முடித்தவர், அவரைப் பார்த்து "சிஸ்டர், டிரிப்ஸ் தீர்ந்துடுச்சு" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டுப் போவார். இது எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை, தினசரி. கழுத்தில் ஸ்டெத் இருந்தாலும் இதே கதை. கட்டிலில் படுத்திருக்கிற குழந்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு குட்டிப் பெண் என்னிடம் நேராகவே கேட்டாள், "நீங்க டாக்டரா, நர்ஸா?" நர்ஸ் என்றேன். "நர்ஸுன்னா அக்காதானே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் பாட்டி முந்திக்கொண்டு, "இவரு சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாரு, டாக்டர்தான்" என்று சமாதானம் சொல்லிவிட்டார். பாட்டி எனக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார், அதுதான் இதில் விசேஷம். என்னை நர்ஸ் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடுமாம்.

வீட்டிலும் அப்படியே. எனக்குப் பெண் பார்த்த சமயம் சித்தப்பா எல்லோரிடமும் "பையன் ஆஸ்பத்திரியில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பெண் இன்ஜினியர் ஆனால் ஏறிப் போனாள் என்று பெருமை, பையன் நர்ஸ் ஆனால் இறங்கி வந்தான் என்று கூச்சம். தேன்சிட்டு அக்கா, உங்கள் பையன் சப்பாத்தியை விட்டு ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பெண் பிள்ளைக்குப் போலீஸ் தொப்பி போட்டுவிட்டால் எல்லோரும் படம் எடுப்பார்கள். பையனுக்கு நர்ஸ் வேஷம் போட்டால் கிண்டல் செய்வார்கள், முதலில் சிரிப்பது மற்றப் பையன்களாகத்தான் இருக்கும். யாராவது அவனைப் பார்த்துச் சிரித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தேன்சிட்டு_ஈரோடு

கேட்டேன் தம்பி. வேனில் கூட வருகிற மூன்றாம் வகுப்பு அண்ணன் ஒருவன் "நீ என்ன பொண்ணா" என்று கேட்டானாம். இவன்தான் பெருமையாகப் போய்ச் சொல்லியிருக்கிறான், நான் சப்பாத்தி போடுவேன் என்று. நாங்கள் டீச்சரையும் மாமியாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம், கடைசியில் வேன்!

பழைய_சோறு

சரி, சரி, எல்லோரும் சேர்ந்து அடித்துவிட்டீர்கள். ஜே.சி.பி. விஷயத்தில் வரப்பு தம்பி சொன்னது உறைத்தது. ஆனால் ஒரு உண்மையான கேள்வி, சண்டைக்கு இல்லை. மகள் இப்போது எட்டாவது. மார்க்கில் அண்ணனைவிட எப்போதும் மேலே. ப்ளஸ் டூ ரிசல்ட்டிலும் வருஷா வருஷம் பெண்கள்தான் முந்துகிறார்கள். அப்படியிருந்தும் "கணக்கு எனக்கு வராதுப்பா, நான் காமர்ஸ் எடுத்துக்கிறேன்" என்கிறாள். கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்ததே இல்லை. இதுவும் நாம் செய்த வேலையா?

சாக்பீஸ்_டீச்சர்

சார், இதைக் கேட்டதற்கு நன்றி. 2017இல் லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் மூவரும் அமெரிக்கக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு நீங்கள் கேட்டதையே தொடுகிறது. ரொம்ப ரொம்பப் புத்திசாலி ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அது யாராக இருக்கும் என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணைக் காட்டினார்கள், பெண்கள் பெண்ணைக் காட்டினார்கள், வித்தியாசம் இல்லை. ஆறு ஏழு வயதில் பெண் பிள்ளைகள் பெண்ணைக் காட்டுவது குறைந்துவிட்டது. ஆனால் பள்ளியில் நல்ல மார்க் வாங்குவது யார் என்றால் அதே பெண் பிள்ளைகள் பெண்களைத்தான் காட்டினார்கள். அதாவது மார்க் வேறு, மூளை வேறு என்று ஆறு வயதிலேயே பிரித்துவிட்டார்கள். "இது ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு" என்று சொன்னால் அதில் சேர அவர்களுக்கு ஆர்வமும் குறைவாக இருந்தது.

நம் ஊரில் இதற்கு ஆய்வுகூட வேண்டாம். ஆசிரியர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். "அவ உருண்டு பெரண்டு படிச்சு வாங்கிட்டா, அவனுக்கு மூளை இருக்கு, உக்காந்தான்னா வாங்கிடுவான்." அவன் உட்காருவதே இல்லை, ஆனாலும் மூளை அவனுக்குத்தான். உங்கள் வீட்டில் மகள் தொண்ணூறு வாங்கினால் என்ன சொல்கிறீர்கள், மகன் எழுபது வாங்கினால் என்ன சொல்கிறீர்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

விஞ்ஞானியைப் படம் வரையச் சொல்கிற பழைய சோதனை ஒன்று உண்டு, டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்டது. 4,807 பிள்ளைகளில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அந்த 28 பேரும் பெண் பிள்ளைகள். அதற்குப் பின் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் நடந்த சோதனைகளை 2018இல் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக 28 சதவீதம் பேர் பெண்ணை வரைந்திருந்தார்கள். அங்கே அறிவியலில் பெண்கள் கூடக் கூடப் படமும் மாறியிருக்கிறது. ஆனால் வயசு ஏற ஏறப் பிள்ளைகள் ஆண்களையே அதிகம் வரைகிறார்கள் என்பதும் அதே கணக்கில் வருகிறது. நான் என் வகுப்பில் விஞ்ஞானி எல்லாம் கேட்பதில்லை, விவசாயியை வரையச் சொல்வேன். பிள்ளைகள் பாதிப் பேருக்கு அம்மா தினமும் களை எடுக்கப் போகிறவர். தாளில் வருவது என்னவோ தலைப்பாகை கட்டி ஏர் பிடித்த தாத்தா. இத்தனைக்கும் எங்கள் ஊரில் ஏர் பார்த்த பிள்ளையே அரிது, எல்லாம் டிராக்டர்தான். சுவரில் ஒட்டியிருக்கிற சார்ட்டில் இருப்பது அந்தத் தாத்தா.

சார்ட்டும் புத்தகப் படமும் லேசு இல்லை. கேரளாவில் 2024இல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள், அது நாடு முழுக்கப் பேச்சானது. தேங்காய் துருவுவது செய்தியாகிற அளவுக்கு நம் அப்பாக்கள் அடுப்படியில் அரிதாகத்தான் இருக்கிறார்கள் போல. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். குழந்தைகள் நம்மிடம் படிப்பது இந்தப் புத்தகத்தைத்தான்.

தேன்சிட்டு மேடம், வேன் அண்ணனுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அவனும் ஒரு துப்பறிவாளன். வீட்டில் ஐயா குக்கர் கழுவட்டும், ஆனால் அதற்கு யாரும் கை தட்ட வேண்டாம், பையன் தேய்க்கிற சப்பாத்திக்கும் வேண்டாம். அவனுக்கென்று ஒரு வேலை ஒதுக்குங்கள், தண்ணீர் பாட்டில் நிரப்புவதோ தட்டு எடுத்து வைப்பதோ, "அம்மாவுக்கு உதவி" என்று பெயர் வைக்காமல் அவன் வேலை என்றே.

பள்ளி விஷயம் கையில் எடுக்கக்கூடியது. கிளாஸ் டீச்சரைக் குற்றம் சொல்லிப் போகாதீர்கள், பாதி நேரம் அவர் யோசித்தே செய்திருக்க மாட்டார். வேஷ உடை வாடகைக் கடையில் பாய்ஸ் செட், கேர்ள்ஸ் செட் என்று பிரித்தே வைத்திருப்பார்கள், பள்ளியில் தலை எண்ணி மொத்தமாக ஆர்டர் போடுவார்கள், பூக்காரம்மா அப்படித்தான் வந்திருப்பார். ஆண்டு விழாவுக்கு ஆர்டர் போவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள், ஆர்டர் போன பிறகு யாராலும் மாற்ற முடியாது. வேஷத்தைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள், எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்கிறோம், எந்த அப்பாவும் சண்டைக்கு வர முடியாது, சீட்டில் வந்தது. டாக்டர் கோட்டு யாருக்கும் பொருந்தும், கை நீளமாக இருந்தால் மடித்துக் குத்திக்கொள்ளலாம். போலீஸ் தொப்பிதான் ரெட்டைச் சடை போட்ட பிள்ளைகளுக்கு நிற்காது, ஹேர்பின் நாலைந்து கையில் எடுத்துப் போங்கள்.